சூரியனைக் காணக் கற்ற கண்கள்

2019 டிசம்பர் 26 அன்று காலை, கோயம்புத்தூர், திண்டுக்கல் வட்டாரங்களிலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் சூரியன் நெருப்பு வளையமாகத் தோன்றியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கிரகணத் தொழுகை முடிந்ததும் அதை எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகள் கேட்டனர். எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி, வாளித் தண்ணீர் என ஆளுக்கொரு வழி சொன்னோம். அவற்றுள் எது பாதுகாப்பானது என்பதில் நமக்கே தெளிவில்லை. இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாறு ஆயிரம் ஆண்டு நீளமுடையது. அதில் முஸ்லிம் அறிஞர்களுக்குச் சிறப்பான இடம் உண்டு.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தினால்தான் கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். பெருந்துயரில் இருந்த அந்நேரத்திலும் நபியவர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் விளக்கித் தொழுகைக்கு வழிகாட்டினார்கள். மூடநம்பிக்கைக்கு இடமில்லாத அந்தச் சூழலில்தான் பிற்கால அறிஞர்கள் கிரகணங்களைக் கணக்கிட்டும் கவனித்தும் எழுதினர்.

அவர்களுள் ஒருவர் 973-ல் குவாரிஸ்மில் பிறந்த அல்பிரூனி. 1019 ஏப்ரல் 8 அன்று லம்கான் பள்ளத்தாக்கில் சூரிய கிரகணத்தைக் கவனித்துப் பதிவு செய்தவர். நகரங்களின் இருப்பிடங்களை அளப்பது பற்றி அவர் எழுதிய ‘தஹ்தீத்’ நூலில் தம் சொந்த இழப்பொன்றையும் மறைக்காமல் குறிப்பிடுகிறார். இளமையில் சூரிய கிரகணங்களை நேராகப் பார்த்ததால் அவருடைய பார்வை பலவீனமுற்றது. ஆகவே சூரியனை நேரே நோக்காமல், தண்ணீரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பதே மேல் என்று அறிவுறுத்துகிறார். அக்காலத்துக்கு அது சிறந்த அறிவுரை. எனினும் இன்று அது போதாது. சூரியன் உயரத்தில் இருக்கும்போது தண்ணீர் ஒளியில் நூற்றில் ஏறத்தாழ 2 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. தகுந்த சூரிய வடிகட்டியோ லட்சத்தில் ஒரு பங்கு அளவே ஒளியை உள்ளே விடுகிறது.

அதே காலத்தில் வாழ்ந்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் பணிபுரிந்த இப்னுல் ஹைதம். சூரியனைப் பார்க்கும் கண் வலிக்கிறது என்ற எளிய அனுபவத்தைக் கொண்டே, ஒளி கண்ணின்மீது வினைபுரிகிறது என்று அவர் வாதிட்டார். கிரகணத்தின் உருவம் பற்றித் தனி நூலும் எழுதினார். சிறு துளை வழியாக விழும் கிரகணச் சூரியனின் பிம்பம் பிறை வடிவில் இருப்பதையும், துளையைப் பெரிதாக்கினால் அப்பிறை மறைந்து வட்டமாவதையும் அதில் கணித முறையில் ஆராய்ந்தார். துளை வழியாக வரும் பிம்பத்தைக் காண, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாலே போதும்.

1608-ல் தொலைநோக்கி தோன்றியபின் ஆபத்து பன்மடங்காயிற்று. 1611-ல் ஜெர்மனியின் வடகோடியில் யோஹன்னஸ் ஃபேப்ரிசியஸும் அவருடைய தந்தையும் தொலைநோக்கியால் சூரியப் புள்ளிகளைக் கண்டனர். கண் கூசி வலியெடுக்கவே, இருட்டறைக்குள் துளை வழியாகப் பிம்பத்தை விழச்செய்யும் முறைக்கு மாறினர். மறு ஆண்டு கலீலியோவின் மாணவர் காஸ்டெல்லி, தொலைநோக்கியின் பிம்பத்தைத் தாளில் விழச்செய்து வரையும் வழியைக் கண்டார். ஷைனர் என்ற பாதிரியார் வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்திப் பார்த்தார். பின்னர் இதற்கெனத் தனிக் கருவியே அமைத்துப் பல்லாண்டுகள் புள்ளிகளை வரைந்து, 1630-ல் பெருநூலாக வெளியிட்டார்.

1800-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் தம் தொலைநோக்கிக்குப் பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் சோதித்தார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைந்தபோதும் சூடு மிகுந்திருந்தது. வேறு சிலவற்றில் வெளிச்சம் மிகுந்தபோதும் சூடு குறைவு. காரணம் அறிய முப்பட்டகத்தின் நிறங்களில் வெப்பமானியை வைத்தார். சிவப்பைக் கடந்து, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வெப்பம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர்கள் இவ்வாறே கண்டறியப்பட்டன.

நம் வீடுகளுக்குரிய பாடம் இதில்தான் உள்ளது. கறுப்பாகத் தெரிவதெல்லாம் பாதுகாப்பானதன்று. வெளிச்சத்தை மறைக்கும் கண்ணாடி, காணாத கதிர்களை உள்ளே விட்டுவிடக்கூடும். விழித்திரையில் வலி உணரும் நரம்புகள் இல்லை. காயம் நேரும் கணத்தில் அது நமக்குத் தெரியாது. எக்ஸ்ரே பிலிமும் கூலிங் கிளாஸும் இதற்குப் பயன்படா.

இன்று தொலைநோக்கிக்கென விற்கப்படும் சூரிய வடிகட்டிகள், ஒளி உள்ளே நுழையுமுன் அதன் முன்வாயை முழுதாக மூடுபவை. கண் வைக்கும் முனையில் திருகும் பழைய வகைக் கறுப்புக் கண்ணாடிகள் குவிந்த வெப்பத்தால் திடீரென வெடிக்கும் இயல்புடையவை. அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். புதிய வடிகட்டியை முதலில் பிரகாசமான விளக்கின் முன் பிடித்து, ஊசித்துளையோ கீறலோ உண்டா என நோக்க வேண்டும். காற்றில் கழன்றுவிடாதபடி இறுகப் பொருத்த வேண்டும். மேலே உள்ள சிறு குறிநோக்கியையும் மூடிவிட வேண்டும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு, வடிகட்டியில்லாத தொலைநோக்கியில் பார்ப்பது பெருந்தவறு. பிள்ளைகளைப் பெரியவர் துணையின்றி அதனருகில் விடலாகாது.

கருவி இல்லாதவர்களுக்கு அட்டையில் ஓர் ஊசித்துளையும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். பிள்ளைகள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளில் விழும் பிறையைக் கண்டு மகிழலாம்.

இறைவன் நாடினால், 2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மக்கா மாநகரைக் கடந்து செல்லும். அந்நாளில் அங்கிருக்கும் வாய்ப்பு நம் குடும்பத்தினர் சிலருக்கும் அமையலாம். முதலில் தொழுகை, துஆ, தர்மம். பிறகு தகுந்த வடிகட்டியோடு பார்வை. அல்பிரூனி தம் கண்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற அறிவுரையை நம் பிள்ளைகள் விலையின்றிப் பெறட்டும். கண்ணும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதைப் பேணும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.