‘புகை’ என்ற சொல் மறைத்த நச்சு

வாகனச் சான்றிதழுக்கான சோதனையைத் திருவனந்தபுரத்து மலையாளிகள் ‘புக’ப் பரிசோதனை என்பர்; கரமனைத் தமிழர் ‘புகை’ப் பரிசோதனை என்பர். இரு மொழிக்கும் பொதுவான இச்சொல் ஓர் உண்மையை மறைக்கிறது. பெட்ரோல் வண்டியில் அச்சோதனை முதன்மையாக அளப்பது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

கண்ணுக்குப் புலப்படாத இவ்வாயுவைக் காட்டிய முதல் ‘கருவி’ உயிரினமே. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் இதைப் பற்றிக்கொள்ளும். சிறு பறவைகள் மனிதருக்கு முன்பே மயங்கிவிழும் என்பதால், அவற்றைச் சுரங்கத்துக்குள் கொண்டுசெல்லுமாறு 1890களில் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் பரிந்துரைத்தார். இவ்வாயு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் பண்பைக் கொண்டு அளக்கும் கருவி 1938இல் ஜெர்மனியில் உருவானது. இந்தியத் தரநிலை இன்றும் ஏற்கும் முறை அதுவே.

இந்தியாவில் 1982ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே குடியிருப்புப் பகுதிகளுக்கு இவ்வாயுவின் வரம்பு கனமீட்டருக்கு 2,000 மைக்ரோகிராம் என வகுக்கப்பட்டது. ஆயினும் 1984இல் தொடங்கிய தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டம் முறையாக அளந்தவை கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, துகள்கள் ஆகியவையே. முதலிரண்டையும் கரைசலில் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லலாம். துகள்களை வடிதாளில் சேர்த்து எடைபோடலாம். கார்பன் மோனாக்சைடோ நீரில் அரிதாகவே கரையும். களத்திலேயே விலையுயர்ந்த கருவி வேண்டும். எதை அளப்பது என்பதை நச்சுத்தன்மை மட்டுமன்றிக் குப்பியும் தீர்மானித்தது என்பதே என் துணிபு.

அதனால் இவ்வாயுவின் அன்றாட அளவீடு வாகனக் குழாயோடு நின்றது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், எஞ்சின் ஓட வண்டி நிற்கும் நிலையில் கார்களுக்கு 3 விழுக்காடும் இரு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 4.5 விழுக்காடும் அனுமதித்தன. சுவாசிக்கும் காற்றுக்கோ 2009ஆம் ஆண்டுத் தரநிலையின்படி ஒரு மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம். ஒரே அலகில் சொன்னால், முன்னது பத்து லட்சத்தில் 30,000 பங்கு. பின்னது ஏறத்தாழ மூன்றரைப் பங்கு. முன்னது பின்னதாக நீர்த்துப்போகிறதா என்பதை வண்டிகளின் எண்ணிக்கையும், சிக்னலில் அவை நிற்கும் நேரமும், காற்றோட்டமும், கட்டடங்களின் நெருக்கமும் முடிவுசெய்கின்றன. இவற்றுள் எதையும் சான்றிதழ் சொல்லாது.

நகரின் பிளாமூட்டிலுள்ள தானியங்கி நிலையம் இவ்வாயுவையும் அளக்கிறது. ஆனால் சாலையை விட்டு விலக விலக இதன் செறிவு விரைந்து குறையும். எனவே அங்குப் பதிவாகும் எண், கரமனைப் பாலத்தருகே நாள் முழுதும் நிற்கும் கடைக்காரருக்கோ போக்குவரத்துக் காவலருக்கோ பொருந்தாது. களியக்காவிளை நோக்கிச் செல்லும் அச்சாலை கரமனையிலிருந்து அகலப்படுத்தப்பட்டதால் அவர்கள் சுவாசிக்கும் காற்று தெளிந்ததா, கெட்டதா என்பதற்குச் சாலையோரத்தில், மூக்கின் உயரத்தில், மணிக்கணக்காக எடுக்கப்படும் தொடர்பதிவே விடை தரும். ஆய்வேட்டுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம்.