முதியோர் கல்வி: டென்மார்க்கும் சுவீடனும்

முதியோர் கல்வி என்றதும், நரைத்த தலையர் ஒருவர் அரிக்கன் இலாம்பின் முன்னிருந்து 'ஆனா' எழுதும் காட்சியே நம்மிற் பலருக்குத் தோன்றும். எழுத்தறிவித்தல் நற்பணியே. ஆயின், எழுத்தறிந்த முதியோனுக்கும் கல்வி வேண்டும் என்று கண்ட நாடுகள் இரண்டு ஐரோப்பாவின் வடபால் அருகருகே உள்ளன. டென்மார்க்கிலே 1814ஆம் ஆண்டிலும் சுவீடனிலே 1842ஆம் ஆண்டிலும் சிறுவர் கல்விக்கான சட்டங்கள் பிறந்தன. ஆகவே, எழுத்தறிந்த குடியானவனை நற்குடிமகனாக்குவது எங்ஙனம் என்பதே அங்கு எழுந்த வினா.

டென்மார்க்கிலே இவ்வினாவுக்கு விடை கண்டவர் குருண்ட்விக் (1783-1872) என்னும் பாதிரியார். இலத்தீனையும் மனனத்தையும் பரீட்சையையுமே பற்றிநின்ற அக்காலப் பள்ளிகள் உயிரற்றவை என அவர் கண்டித்தார். தாய்மொழி, நாட்டு வரலாறு, பாட்டு, ஆசிரியரின் வாய்ச்சொல் ஆகியவற்றால் இளைஞர் உள்ளம் விழித்தெழ வேண்டும் என்பது அவர் கொள்கை. கிறித்தவப் போதகராயிருந்தும், தம் முன்னோரின் பழைய தெய்வக் கதைகளை அவர் இகழ்ந்தாரல்லர். அவற்றை ஆராய்ந்து நூலும் எழுதினார். மிஷன் கலாசாலையிற் பயின்ற எனக்கு இச்செய்தி பெருவியப்பளித்தது.

1844இல் ரோடிங் என்னும் ஊரில் முதலாவது மக்கள் உயர்கலாசாலை தோன்றியது. 1864ஆம் ஆண்டுப் போரிலே டென்மார்க்கு தோற்றபோது ரோடிங்கும் பறிபோயிற்று. ஆசிரியர்கள் தளர்ந்தாரல்லர். மறு ஆண்டே புதிய எல்லைக்கு இப்பால் அஸ்கோவ் என்ற ஊரிற் பணியைத் தொடர்ந்தனர். அங்கே பரீட்சையில்லை, பட்டமுமில்லை. வயல்வேலை ஓய்ந்த மாரியில் ஆடவரும் கோடையிற் பெண்டிரும் இத்தகைய கலாசாலைகளிலே தங்கிப் பயின்றனர். பின்னர் அந்நிய தானியம் மலிந்து விலை வீழ்ந்தபோது, டேனியக் குடியானவர் வெண்ணெய் உற்பத்திக்குத் திரும்பினர். 1882 முதல் எழுந்த கூட்டுறவுப் பாற்சாலைகளில் முன்னின்றோர் பலர் இக்கலாசாலைகளின் மாணவரே.

சுவீடன் இம்முறையைக் கைக்கொண்டு, 1868இல் மூன்று கலாசாலைகளைத் தொடங்கியது. ஆனால் அதன் நோக்கம் சற்று வேறு. 1862இன் உள்ளூராட்சிச் சீர்திருத்தமும் 1866இன் பாராளுமன்றச் சீர்திருத்தமும் குடியானவர் கையில் அதிகாரத்தை அளித்திருந்தன. ஆகவே கணிதம், நில அளவை, ஆட்சிமுறை முதலியன அங்கே முக்கியம் பெற்றன.

சுவீடனின் தனிப்பெரும் கொடை பின்னர் வந்தது. மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஒஸ்கார் ஒல்சன் 1902இல் லுண்ட் நகரிலே 'படிப்பு வட்டம்' ஒன்றை அமைத்தார். நண்பர் சிலர் மாலையிற் கூடுவர், நூல்களைத் தம்முள் மாற்றிப் படிப்பர், படித்ததை ஆராய்வர். கற்றறிந்த ஆசிரியர் இருந்தே ஆகவேண்டும் என்ற நியதியில்லை. படித்துமுடித்த நூல்கள் சங்க நூலகத்தைச் சேரும். 1912 முதல் அரசாங்கமும் இத்தகைய நூலகங்களுக்கு உதவிப்பணம் வழங்கியது.

டென்மார்க்கின் முறை ஆசிரியரின் குரலை நம்பியது; சுவீடனின் வட்டம் சமமானோரின் உரையாடலை நம்பியது. முன்னையது உள்ளத்தை எழுப்ப வல்லது. எனினும், நாட்கூலியை விட்டு மாதக்கணக்கில் தங்கிப் படிக்க ஏழைத் தொழிலாளிக்கு இயலுமா? பின்னையது அவனுடைய மாலைப்பொழுதை மட்டுமே கேட்கிறது. ஆகவே எளியோருக்கு உகந்தது சுவீடனின் வட்டமே என்பது என் துணிபு.

நம் ஊர்களிலும் வாசிகசாலைகள் உள. அங்கு சென்று பத்திரிகையைப் புரட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். வாரத்தில் ஒரு மாலை, பத்துப்பேர் ஒரு நூலைச் சுற்றி அமர்ந்தாற் போதும். அதற்குக் கட்டடநிதி வேண்டியதில்லை, பட்டதாரியும் வேண்டியதில்லை. நம் சங்கத்து இளைஞர் இதனை இவ்வாண்டே தொடங்குவாராக!