ஃபாக்னருக்கு வாய்த்த பிரெஞ்சு வாத்தியார்



ஒரு நாட்டு இலக்கியத்தை அந்த நாட்டுக்காரர்தான் சரியாக மதிப்பிட முடியும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எப்போதும் அப்படி இல்லை என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரின் கதை ஒன்றே போதும்.

மிசிசிப்பி மாநிலத்துக்காரரான இவருடைய 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' 1929இல் வெளிவந்தது. முதலில் அச்சிட்டது 1,789 பிரதிகள்தான். படிக்கச் சிரமமான நாவல் அது. முதல் பகுதியைச் சொல்பவன் பெஞ்சி. வயது 33 ஆனாலும் மனவளர்ச்சி இல்லாதவன். அவனுக்கு நேற்றும் இன்றும் ஒன்றுதான். ஒரு வாக்கியம் 1928இல் நடக்கும். அடுத்த வாக்கியம் அவன் சிறுவயதுக்குப் போய்விடும்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்துக்கொண்டிருந்தார் மோரிஸ் எட்கார் குவாந்த்ரோ. 1931இல் பாரிஸ் இலக்கிய இதழ் ஒன்றில் ஃபாக்னரைப் பற்றிக் கட்டுரை எழுதி, பிரெஞ்சு வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தினார். அதோடு விடவில்லை. 1934இல் 'ஆஸ் ஐ லே டையிங்', 1935இல் 'லைட் இன் ஆகஸ்ட்', 1938இல் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' என்று வரிசையாக மொழிபெயர்த்தார். பாடம் நடத்தும் வேலையோடுதான் இதையும் செய்தார்.

அதில் உள்ள கஷ்டத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்த நாவலில் குவென்டின் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவன் தாய்மாமன், மற்றவள் அவன் தங்கை மகள். 'குவென்டின் வந்தது யார்?' என்று வாசகன் குழம்ப வேண்டும் என்பதுதான் எழுத்தாளரின் எண்ணம். ஆங்கில வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டாது. நம் தமிழில் 'வந்தான்', 'வந்தாள்' என்றதும் குட்டு உடைந்துவிடும். பிரெஞ்சிலும் பெயரடைகள் பல இடங்களில் ஆண்பால் பெண்பாலைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் யார், எந்தக் காலம் என்று முதலில் தெளிந்தாக வேண்டும். 1937இல் கலிஃபோர்னியாவில் ஃபாக்னர் வீட்டுக்கே போய்த் தம் சந்தேகங்களைக் கேட்டார் குவாந்த்ரோ.

இதற்கிடையே 1933இல் 'சாங்ச்சுவரி' நாவலின் பிரெஞ்சுப் பதிப்புக்கு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ முன்னுரை எழுதினார். 1939இல் தத்துவ அறிஞர் சார்த்தர், ஃபாக்னர் காலத்தைக் கையாளும் விதத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். ஃபாக்னரின் கலையைப் பாராட்டினார். எதிர்காலமே இல்லாத அவருடைய காலப் பார்வையை மட்டும் ஏற்கவில்லை. பாராட்டும் மறுப்பும் சேர்ந்ததுதானே உண்மையான படிப்பு!

சொந்த நாட்டில் என்ன நிலை? 1940களின் நடுவில் ஃபாக்னரின் புத்தகங்கள் அநேகமாக எல்லாமே அச்சில் இல்லை. பிழைப்புக்காக ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார். 1946இல் மால்கம் கவ்லி தொகுத்த நூல் வந்த பிறகுதான் அமெரிக்கா அவரைத் திரும்பிப் பார்த்தது. 1949ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

பரிசு பிரெஞ்சுக்காரர்களால் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். எழுதியவர் ஃபாக்னர். ஆனால் ஊரில் விலைபோகாத நாட்களிலும் கடல் கடந்த ஒரு நாட்டில் அவரை வரிக்கு வரி படித்தார்கள், அவரோடு வாதம் செய்தார்கள். ஓர் எழுத்தாளனுக்கு அது சிறிய துணை அல்ல.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். புரியவில்லை என்று ஒரு புத்தகத்தை மூடும் முன், அந்தப் பிரெஞ்சு வாத்தியாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சமீபத்தில் இரண்டாம் முறை படித்த புத்தகம் எது? எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்