ஹவுஸும் டெக்னோவும்: ஒலியால் பிரித்தறிதல்

ஹவுஸ், டெக்னோ இரண்டும் 1980களில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய மின்னணு நடன இசை வகைகள். ஹவுஸ் சிகாகோவில் பிறந்தது, டெக்னோ டெட்ராய்ட்டில். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808, டிஆர்-909 தாளக் கருவிகளை இரண்டுமே பெரிதும் நம்பியவை. நான்கு எண்ணிக்கைக்கும் பேஸ் டிரம் தவறாமல் விழுவதால், புதிதாகக் கேட்பவர் காதுக்கு வேறுபாடு எளிதில் புலப்படாது.

ஹவுஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 118 முதல் 128 அடி வேகத்தில் ஓடும். டெக்னோ 125இல் தொடங்கி 150 வரை போகும். ஆனால் 126இல் ஓடும் பாடலை வேகம் காட்டிக்கொடுக்காது. பேஸ் டிரம்முக்கு மேலே என்ன ஒலிக்கிறது என்று கேட்பதே சரியான வழி.

ஹவுஸ் டிஸ்கோவின் வாரிசு. சிகாகோவின் வேர்ஹவுஸ் கேளிக்கை விடுதியில் 1977 முதல் டிஜேயாக இருந்த ஃபிராங்கி நக்கிள்ஸ், டிஸ்கோ, சோல் பாடல்களை வெட்டியும் நீட்டியும் ஒலிக்கவிட்டார். அந்த மரபிலிருந்தே பியானோ, ஆர்கன் கார்டுகளும் துள்ளும் பேஸும் தேவாலயப் பாட்டின் உருக்கம் நிறைந்த குரலும் வந்தன. மார்ஷல் ஜெஃபர்சனின் 'மூவ் யுவர் பாடி' (1986) பாடலின் பியானோவைக் கேட்டாலே போதும். தாளத்தின் நடையும் தனி. ஒரு சுற்றை 16 கட்டங்களாகப் பிரித்தால் 1, 5, 9, 13இல் பேஸ் டிரம், 5, 13இல் கைத்தட்டல், 3, 7, 11, 15இல் திறந்த ஹை-ஹாட் விழும். 909இன் ஷஃபிள் வசதி, இடைப்பட்ட இரட்டைப்படைக் கட்டங்களை இம்மியளவு தாமதப்படுத்தும். உடம்பை ஆடவைக்கும் குலுக்கல் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

டெக்னோவில் கட்டங்கள் பெரும்பாலும் நேராகவே ஓடும். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் ஃபங்க் இசையோடு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவையும் கேட்டு வளர்ந்தவர்கள். அட்கின்ஸ் 'மாடல் 500' என்ற பெயரில் வெளியிட்ட 'நோ யுஎஃப்ஓஸ்' (1985) இவ்வகையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று. டெக்னோவில் மெட்டைவிட ஒலியின் நிறமே முதன்மை. ஒரு சிறிய சிந்தசைசர் துணுக்கு நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்; ஃபில்டர் மெல்லத் திறக்க, அதே துணுக்கு கூர்மையாகி முன்னே வரும். குரல் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஓரிரு சொற்களோடு நின்றுவிடும். பிற்கால ஐரோப்பிய டெக்னோவில் பேஸ் டிரம்மின் எதிரொலியையே வடிகட்டி, அடியில் உறுமும் பேஸாக்கிவிடுகிறார்கள்.

பிறந்த ஊரை வைத்து முடிவு செய்வதும் சரிவராது. டெட்ராய்ட்காரரான சாண்டர்சனின் இன்னர் சிட்டி குழு தந்த 'குட் லைஃப்' (1988), பாரிஸ் கிரேயின் குரலாலும் பளிச்சென்ற கார்டுகளாலும் காதுக்கு ஹவுஸாகவே படுகிறது. சிகாகோவின் ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' நேர்மாறானது. அதில் பியானோ இல்லை, பாட்டு இல்லை. டிபி-303 பேஸ் கருவியின் ஒலி 10 நிமிடத்துக்கு மேல் நெளிந்து நெளிந்து உருமாறுகிறது. ஆசிட் ஹவுஸ் என்று பெயர் பெற்ற அப்பாணியை டெக்னோ கலைஞர்களும் விரும்பி எடுத்தாண்டார்கள்.