காவற்குடியும் நடைக்குழுவும்: அரிட்டாபட்டிக் கல்வெட்டு ஒன்றை முன்வைத்து

ஊர் வரலாற்றைக் கூட்டமாக நடந்து பார்த்து அறியும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் முயற்சியில் 2004இல் சென்னை நாள் கொண்டாட்டம் தொடங்கியது, வி. ஸ்ரீராம் போன்றோர் பழைய தெருக்களில் நடைகளை நடத்தினர். பிற ஊர்கள் அதைப் பின்பற்றின என்பார்கள். இக்கருத்தை ‘நகரவழித் தோற்றம்’ என்று இங்கே குறிக்கிறேன்.

சென்னையளவில் இக்கருத்தோடு எனக்குப் பிணக்கில்லை. 1639 ஆகஸ்ட் 22ஐப் பிறந்த நாளாகக் கொண்டாடும் ஒரு நகரம், கண்ணெதிரே கட்டடங்கள் இடிபடுவதைக் கண்டு தன் தெருக்களை நடந்து பார்க்கத் தலைப்பட்டது இயல்பே. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைப்பில் 2010 முதல் மதுரையில் நடந்துவரும் பசுமை நடையையும் அதன் கிளையென்று சொல்லும்போதுதான் சிக்கல். 2004 முந்தியது, 2010 பிந்தியது, ஆகவே பின்னது முன்னதிலிருந்து வந்தது என்பதற்கு மேல் இவ்வாதத்தில் சான்று இல்லை. முன்பின் என்பது உறவாகிவிடாது.

மதுரையில் நடந்தது வேறு. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் அப்போது பேசப்பட்டது. முதலில் எதிர்த்து நின்றவர்கள் மலையடிவாரத்து ஒத்தக்கடை, நரசிங்கம் மக்கள். அந்த வட்டாரம் ஏற்கெனவே வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 2004இல் உயர் நீதிமன்றக் கிளை அங்கே வந்தபின் மேலூர்ச் சாலையின் இருபுறமும் வயல்கள் மனைகளாயின. மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளைக் கிரானைட் குவாரிகள் அறுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சூழலில்தான், மலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மக்கள் ஏறினார்கள். சென்னை நடைகளுக்கு முதற்பொருள் கட்டடமும் நினைவும். இங்கே முதற்பொருள் மலையும் அதன் உரிமையும். இந்த வேறுபாட்டை நகரவழித் தோற்றத்தார் பொருட்படுத்துவதே இல்லை.

வழிகாட்டிய அறிஞர்களும் வேறு மரபினர். மாநிலத் தொல்லியல் துறையில் பணியாற்றிய சொ. சாந்தலிங்கம் போன்ற கல்வெட்டறிஞர்கள் பாறைக்கு முன் நின்று வாசித்துக் காட்டினர். பசுமை நடைக்கு முன்னோடி தேடினால் அத்துறையின் ஊர்வாரிக் கள ஆய்வுகளைத்தான் சுட்டவேண்டும். இரா. நாகசாமி அத்துறையின் இயக்குநராக இருந்த காலத்தில் வெளியான ‘செங்கம் நடுகற்கள்’ (1972), ‘தருமபுரி கல்வெட்டுகள்’ (1975) ஆகிய தொகுதிகளுக்குப் பின்னால் ஊர் ஊராக நடந்த கால்கள் உண்டு. கல் கிடக்கும் கொல்லையைக் காட்டியவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் பெயர் அச்சேறவில்லை. எனவே என் வாதத்தின் இக்கண்ணி மெலிந்தது. ஆயினும் அச்சேறாமையைப் பங்கின்மையாகக் கொள்ள நான் உடன்படேன்.

ஊர்க்காரர் பங்கு கல்லிலேயே பதிவான ஓர் இடம் உண்டு. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக் கழிஞ்சமலைக்கு வருவோம். அம்மலையின் இரண்டு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் நிற்க விரும்புவது அங்குள்ள மகாவீரர் புடைப்புச் சிற்பத்துக்குரிய வட்டெழுத்துக் கல்வெட்டின் முன். மலையின் அன்றைய பெயர் திருப்பிணையன்மலை. பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லி, பாதிரிக்குடியார் ரட்சை (காப்பு) என்று முடிகிறது. செய்வித்தவர் ஒரு முனிவர். யார் பேரால் என்றால் கணக்கர்கள். காப்பவர்களோ ஒரு குடியினர். மூன்று தரப்பும் சில வரிகளுக்குள் தனித்தனியே நிற்கின்றன.

இறுதித் தொடரை வெறும் வாய்பாடு என்று தள்ளுவோர் உண்டு. மதுரைச் சமணக் குன்றுகள் பலவற்றில் ‘ரட்சை’ வருகிறதே என்பது அவர்கள் வாதம். வருகிறதுதான். ஆனால் யானைமலையில் நரசிங்கமங்கலத்துச் சபையார் ஒரு திருமேனியைக் காக்கிறார்கள், இங்கே பாதிரிக்குடியார். வாய்பாடு ஒன்றே, காப்பவர் பெயர் இடத்துக்கு இடம் மாறுகிறது. மாறும் அந்தப் பெயரில்தான் செய்தி இருக்கிறது: பொறுப்பு எந்த ஊரைச் சேர்ந்தது என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காலத்தை அறுதியிட முடியவில்லை. கல்வெட்டில் ஆட்சியாண்டு இல்லை. ஐவர்மலையிலும் அச்சணந்தியின் பெயர் உண்டு; ஆனால் அங்கே சக ஆண்டு 792 (கி.பி. 870) தாங்கியிருப்பது சாந்திவீரக் குரவர் கல்வெட்டு. அருகருகே இருப்பதால் இருவரும் ஒரே காலத்தவர் ஆகிவிடுவதில்லை. எழுத்தமைதியை வைத்து 9ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அல்லது 10ஆம் நூற்றாண்டு என்று கொள்வதே இப்போதைக்குத் தகும். பாதிரிக்குடியார் முதல் இன்றைய ஊரார் வரை அறுபடாத தொடர்ச்சி உண்டு என்றும் நான் சொல்லவில்லை. ஊரைக் காவலராக வைக்கும் முறை இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதே என் வாதம்.

பசுமை நடை தொடங்கிய பின்னர் நிகழ்ந்தவை இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியின் 193.42 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானதும் மேலூர் வட்டார ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் ஊரார் மதுரைக்குப் பேரணியாக வந்தனர். அம்மாதமே ஒன்றிய அரசு ஏலத்தைக் கைவிட்டது. மலையில் சமணப் படுக்கையும் கல்வெட்டும் இருப்பதை ஊராரே எடுத்துச் சொன்னார்கள். பத்தாண்டுக்கும் மேலான நடைகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்ல இயலாது. பங்கே இல்லை என்பதை ஏற்க இயலாது.

கடத்தூரை உள்ளிட்ட தருமபுரி வட்டாரத்துக்கு, நடை நகரவழி வந்ததா ஊரார் வழி வந்ததா என்ற இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இங்குள்ள நடுகற்களில் பல தருமபுரி அகழ்வைப்பகத்தில் பாதுகாப்பாக உள்ளன. எஞ்சியவை கொல்லைகளிலும் ஏரிக்கரைகளிலும் வேடியப்பனாகப் பூசை பெறுகின்றன. தொறு (ஆநிரை) மீட்டுப் பட்ட வீரனுக்கு எண்ணெய் பூசிப் பொங்கல் வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நகரவழித் தோற்றத்தை நம்பி இங்கே நடை தொடங்கினால், வெளியூர் வழிகாட்டி பேசுவார், ஊரார் வேடிக்கை பார்ப்பார்கள். அரிட்டாபட்டிக் கல்வெட்டு காட்டும் வழியில் தொடங்கினால், பூசை செய்யும் குடும்பத்தின் சம்மதம் பெற்று, அவர்களை முதலில் பேசவிட்டு, அதன்பின் வட்டெழுத்தை வாசிக்க வேண்டும். கல்லுக்கு இன்றைய ரட்சை யாருடையது என்பதும் நடையின் குறிப்பேட்டில் ஊர்ப் பெயரோடு பதிவாக வேண்டும்.