வெள்ளாட்டு மயிர் திரித்த கைகள்



எங்கள் வார்டில் வயதான அரபுத் தாயார் ஒருவர் சில நாள் இருந்தார். நான் பஞ்சு உருளையைப் பிரித்தால் ஒரு துணுக்கை வாங்கிக்கொள்வார். பிய்த்து, நீட்டி, விரல்களால் முறுக்குவார்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் வந்துவிடும். "எங்கே கற்றீர்கள் அம்மா?" என்றேன். "கூடாரத்தில், என் தாயிடம்" என்றார். "பேத்திகளுக்குத் தெரியுமா?" என்றதும் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார். அதன் பிறகுதான் இந்தக் கைத்தொழிலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

இதன் பெயர் சதூ. மந்தையோடு பாலைவனத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த பெதுயின் மக்களின் நெசவு. ஆடு, ஒட்டகங்களின் ரோமத்தை ஆண்கள் கத்தரிப்பார்கள். மீதி வேலை பெண்களுடையது. முள்ளும் மணலும் போக உதறி, நிறம் பார்த்துப் பிரித்து, சிக்கெடுத்து, தக்ளியில் நூற்பார்கள். நம் தாத்தா பாட்டி பள்ளியில் பஞ்சு நூற்றார்களே, அதே மாதிரிக் கருவிதான்: ஒரு குச்சி, அதில் ஒரு பாரம். செம்மறி ரோமத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. முறுக்கும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் குட்டை இழைகளும் நீண்ட நூலாகும். பிறகு மருதாணி, மஞ்சள் போன்றவற்றால் சாயமேற்றி, தரையில் நீட்டிய தறியில் நெய்வார்கள்.

கூடாரத்துக்கு வெள்ளாட்டு மயிர்தான். மழையில் நனைந்தால் இழைகள் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது காற்று உள்ளே வரும்.

இதைப் படித்தபோது யாத்திராகமம் 35ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் பெண்கள் வெள்ளாட்டு மயிரை நூற்கிறார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் போட்ட மூடுதிரைகள் 11. ஒவ்வொன்றும் 30 முழ நீளம், 4 முழ அகலம். அத்தனைக்கும் நூல் கையால் வரவேண்டும். பெசலெயேலின் பெயர் நமக்குத் தெரியும். அந்தப் பெண்களில் ஒருவர் பெயரும் தெரியாது.

எண்ணெய் வந்தபின் வளைகுடா மாறியது. யான்புவைத் தொழில் நகரமாக்க 1975இல் அரச ஆணையம் அமைந்தது. கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் வீடுகளுக்கு வந்தார்கள், பெண் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் போனார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். என்னைப் போன்றவர்களுக்கு இங்கே வேலை கிடைத்ததும் அந்த மாற்றத்தால்தான். ஆனால் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மகள் கற்ற நேரம் போய்விட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சதூவை, உடனே காக்கவேண்டிய மரபுகளின் பட்டியலில் 2011இல் யுனெஸ்கோ சேர்த்தது. தெரிந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதே காரணம். 2020இல் சவூதி, குவைத் சதூவும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சவூதி அரசு 2025ஐக் கைவினை ஆண்டாக அறிவித்தது.

பட்டியல் நல்லதுதான். ஆனால் அது விரலைப் பிடித்துக் கற்றுத்தராது. நான் ஐ.வி. போடக் கற்றது புத்தகத்தில் அல்ல. சீனியர் அக்கா என் விரலைப் பிடித்து நரம்பைத் தடவிக் காட்டியபோதுதான்.

அந்தத் தாயார் வீடு திரும்புமுன் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மூன்று தடவை அறுந்தது. இன்றும் எனக்கு நான்கு விரற்கடை நூல்தான் வருகிறது. இன்னும் இரண்டு நாள் அவர் அருகில் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் பாட்டிக்கு ஓலைப்பெட்டி முடையத் தெரியுமா? பாய் பின்னத் தெரியுமா? இந்த விடுமுறையில் போனை வைத்துவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை, ஒன்றைச் செய்து முடியுங்கள்.