குடகு மன்னர் மரபு

மேற்குத் தொடர்ச்சி மலையில் காவிரி பிறக்கும் குடகு நாட்டைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1834 வரை ஆண்ட ஹாலேரி வம்சத்து வீரசைவ அரசர்களின் பரம்பரை குடகு மன்னர் மரபு எனப்படும். மைசூரும் மலையாளக் கரையும் இருபுறம் நெருங்கிநிற்க, அடர்ந்த காட்டையும் கடும் மழையையும் போர்க்குணம் மிக்க குடிகளையும் அரணாகக் கொண்டு இச்சிறு ராஜ்யம் இரண்டு நூற்றாண்டுகள் நிலைத்தது. ஆயினும் ஓர் அரசருக்குப்பின் அரியணை எவரைச் சேரும் என்ற வினாவுக்கு அவ்வம்சம் நிலையான விதியொன்றை வகுக்கவில்லை. பகைவர் படையெடுத்தும் திறக்க முடியாத மலைவாயிலை, அவ்வினாவால் மூண்ட குடும்பப்பகையே திறந்துவிட்டது.

நிலமும் கொங்குநாட்டுத் தொடர்பும்

பழந்தமிழ் நூல்கள் குடமலை என வழங்கிய இந்நாட்டில், பிரமகிரிச் சாரலிலுள்ள தலைக்காவேரியில் தோன்றும் ஆறு, மைசூர் நாட்டைக் கடந்து தமிழகம் புகுந்து, கூடுதுறையில் பவானியையும், கொடுமுடிக்குக் கீழே கோயம்புத்தூரிலிருந்து வரும் நொய்யலையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. எனவே குடகில் பொழியும் மழை கொங்குநாட்டு உழவருக்கு அயலான செய்தி அன்று.

அரசியலிலும் இவ்விரு நாடுகளை இணைத்த கயிறு மைசூரின் கையில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து சரவணம்பட்டி, அன்னூர் ஊர்களைக் கடந்து சத்தியமங்கலத்தில் பவானியாற்றைத் தாண்டித் திம்பம் மலையேறிச் செல்லும் வழி மைசூரை அடைகிறது. மைசூருக்கு மேற்கே ஹுன்சூரைக் கடந்தால் குடகின் மலைகள் தொடங்குகின்றன. கொங்குநாட்டைத் தன் ஆட்சிக்குள் கொணர்ந்த மைசூர் மன்னர் சிக்கதேவராயர் குடகின்மீதும் படை செலுத்தினார். கொங்கு அவர் வசமாயிற்று. குடகோ அப்படையை முறியடித்துத் தன் சுதந்திரத்தைக் காத்துக்கொண்டது.

வம்சத்தின் தோற்றம்

ஹாலேரி அரசர்களுக்கு முன் குடகு பன்னிரண்டு கொம்புகளாகவும் முப்பத்தைந்து நாடுகளாகவும் பிரிந்து, ஒருவரோடொருவர் போரிட்ட நாயக்கர்களின் ஆளுகையில் இருந்தது. இந்நிலையில் இக்கேரி நாயக்கர் குடியைச் சேர்ந்த வீரராஜர் என்பவர், வீரசைவ ஜங்கமரின் கோலத்தில் மடிக்கேரிக்கு வடகிழக்கே உள்ள ஹாலேரியில் வந்து தங்கி, சமயப்பற்றால் மக்களின் மதிப்பைப் பெற்று, அவர்கள் மனமுவந்து அளித்த தானியத்தையும் காவற்பணியையும் படிப்படியாக வரியாகவும் படையாகவும் மாற்றி அரசரானார் என்பது மரபு வரலாறு.

குடிகளில் முதன்மையான குடவர்கள் முன்னோரையும் காவிரித்தாயையும் வழிபடுபவர்கள்; குடவ மொழி பேசுபவர்கள். அரசர்களோ லிங்கதாரிகள், அவர்கள் அரண்மனையின் மொழி கன்னடம். சமயத்தாலும் மொழியாலும் வேறுபட்ட ஒரு குலம், தன்னிலும் எண்ணிக்கையிற் பெருகிய மக்களின் சம்மதத்தால் ஆட்சி பெற்றது என்னும் இவ்வுண்மையே இம்மரபின் பெருமை. அச்சம்மதம் கெடாதிருக்கும் அளவே அதன் ஆயுள்.

மடிக்கேரியும் மூன்று கிளைகளும்

வீரராஜருக்குப்பின் அவர் மகன் அப்பாஜிராஜரும், பின்னர் முத்துராஜரும் ஆண்டனர். 1633 முதல் 1687 வரை நெடுங்காலம் ஆண்ட முத்துராஜர், 1681-இல் தலைநகரை ஹாலேரியிலிருந்து மலைமுகட்டுக்கு மாற்றிக் கோட்டையும் அரண்மனையும் அமைத்தார். முத்துராஜகேரி என்ற பெயரே நாளடைவில் மடிக்கேரி எனத் திரிந்தது என்பர்.

முத்துராஜருடைய புதல்வர் மூவருள் மூத்தவரான தொட்ட வீரப்பர் மடிக்கேரியில் முடிசூட, ஏனைய இருவரும் ஹாலேரியிலும் ஹொரமலையிலும் தனித்தனி வீடமைத்து வாழ்ந்தனர். மூல கிளை அற்றுப்போனால் எந்தக் கிளை உரிமை கோரும் என்பது வரையறுக்கப்படாமல் விடப்பட்டமையால், சகோதரர்க்குள் அமைதி நாடிச் செய்த இந்த ஏற்பாடே பேரர்களின் காலத்தில் பெரும்பகைக்கு வித்தாயிற்று.

தொட்ட வீரப்பர் 1736 வரை சுமார் அரை நூற்றாண்டு ஆண்டார். சிக்கதேவராயரின் படையைப் பாலுபாரேயில் எதிர்பாராது தாக்கி அழித்தவர் இவரே. இவருடைய மகன் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டமையால், பேரன் சிக்க வீரப்பர் பட்டத்துக்கு வந்து 1766 வரை ஆண்டு, சந்ததியின்றி மறைந்தார்.

வாரிசுரிமைப் போரும் மைசூரின் தலையீடும்

சிக்க வீரப்பருக்குப்பின் ஹாலேரி, ஹொரமலை ஆகிய இரு கிளைகளிலிருந்தும் வந்த முத்துராஜரும் முத்தையரும் பகைமையின்றி ஒருங்கே ஆண்டது இம்மரபின் வரலாற்றில் அரிதான காட்சி. 1770-இல் இருவரும் இறக்கவே, ஹொரமலைக் கிளையைச் சேர்ந்த தேவப்பராஜர் அரியணை ஏறினார். அதனை ஏற்காத ஹாலேரிக் கிளையின் லிங்கராஜர், மைசூரின் அதிபதியாயிருந்த ஹைதர் அலியிடம் அடைக்கலம் புகுந்தார். ஹைதரின் படை குடகினுள் நுழைந்தது. தப்பியோடிய தேவப்பராஜர் பிடிபட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடும்பத்துடன் மாண்டார். ஹொரமலைக் கிளை அத்தோடு முடிந்தது. லிங்கராஜர் 1774-இல் பெற்ற சிம்மாசனம், ஆண்டுதோறும் 24,000 ரூபாய் கப்பம் கட்டும் சிம்மாசனமாக இருந்தது.

உரிமைக்காக அந்நியனை அழைத்தவரின் பிள்ளைகளே அதன் பயனை அனுபவித்தனர். 1780-இல் லிங்கராஜர் இறந்தவுடன், சிறுவரான இளவரசர்களுக்குத் தாமே பாதுகாவலர் என்று கூறி ஹைதர் நாட்டையே கைப்பற்றி, அவர்களைக் கொரூரில் சிறைவைத்தார். குடவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஹைதருக்குப்பின் வந்த திப்பு சுல்தான் இளவரசர்களைப் பெரியபட்டணத்துக்கு மாற்றியதோடு, எழுச்சியை அடக்கிப் பெருந்தொகையான குடவர்களைக் குடும்பம் குடும்பமாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுசென்றார்.

தொட்ட வீரராஜேந்திரர்

1788 டிசம்பரில், நம்பிக்கைக்குரிய குடவர் சிலரின் துணையால் மூத்த இளவரசர் வீரராஜேந்திரர் பெரியபட்டணத்துச் சிறையினின்று தப்பி மலையேறினார். அரசர் வந்தார் என்ற செய்தி பரவியதும் காடுகளில் மறைந்திருந்த மக்கள் திரண்டனர். கோட்டைகள் ஒவ்வொன்றாக மீண்டன.

மடிக்கேரிக்குத் திப்பு அனுப்பிய படையோடு வந்த காதிர் கான் என்னும் தளபதி, பெரியபட்டணத்தில் அரசரின் குடும்பப் பெண்களுடைய மானத்தைக் காத்தவர். அந்நன்றியை மறவாத அரசர், முற்றுகையில் அகப்பட்ட அவரை உயிருடன் போகவிட்டார். இம்மரபின் சரித்திரத்தில் மனம் நெகிழ்ந்து நினைக்கத்தக்க செயல்களுள் இது தலையாயது.

1790 அக்டோபரில் அரசர் ஆங்கிலக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தளபதி அபர்கிராம்பியின் பம்பாய்ப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் செல்லத் தம் மலைவழியைத் திறந்துவிட்டார். திப்புவுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த அப்போரில்தான் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் ஆங்கிலேயரைத் தாக்கியதும், 1791-இல் இருமுறை முற்றுகையுண்ட கோயம்புத்தூர்க் கோட்டை நவம்பரில் மைசூர்ப் படையிடம் வீழ்ந்ததும் நிகழ்ந்தன. அப்போரை முடித்த 1792 உடன்படிக்கைக்குப்பின் குடகு கம்பெனியின் பாதுகாப்பில் தனியரசாயிற்று. வீரராஜப்பேட்டை அவ்வாண்டில் நிறுவப்பட்டது. நால்நாட்டு அரண்மனையும் இவர் கட்டியதே. தம் காலத்து வரலாற்றை இராஜேந்திரநாமே என்னும் கன்னட நூலாக எழுதுவித்தவரும் இவரே.

தேவம்மாஜியும் இரண்டாம் லிங்கராஜரும்

வீரராஜேந்திரருக்கும் அவருடைய பட்டத்தரசி மகாதேவம்மாஜிக்கும் ஆண்மகவு பிறக்கவில்லை. 1807-இல் அரசி இறக்கவே, துயரத்தாலும் ஐயத்தாலும் அறிவு தடுமாறிய அரசர், தம் மகளின் உரிமைக்கு இடையூறாவர் எனக் கருதி உறவினர் பலரைக் கொல்வித்தார். சிறையினின்று தம்மை மீட்ட அன்பின்மேல் எழுப்பிய அரசை, அச்சத்தின்மேல் விட்டுச்சென்று, அவர் 1809-இல் காலமானார்.

அவர் விரும்பியவாறே சிறுமியான மகள் தேவம்மாஜி அரசியானாள். கம்பெனியாரும் அதனை ஒப்புக்கொண்டிருந்தனர். ஆயினும் அரசரின் தம்பி லிங்கராஜர், முதலில் பாதுகாவலராக நின்று, 1811-இல் தாமே அரசர் என அறிவித்துக்கொண்டார். மறைந்த மன்னரின் வாக்கும் கம்பெனியின் உறுதிமொழியும் ஒரு குழந்தையின் உரிமையைக் காக்கப் போதவில்லை. லிங்கராஜர் நிர்வாகத்தில் வல்லவர். அதிகாரிகளின் கடமைகளை விதிக்கும் ஹுக்கும்நாமாவை வெளியிட்டார். மடிக்கேரி அரண்மனையைப் புதுப்பித்தார். ஓங்காரேசுவரர் ஆலயத்தை 1820-இல் கட்டிமுடித்தார். அவ்வாண்டிலேயே இறந்தார்.

சிக்க வீரராஜேந்திரரும் வம்சத்தின் முடிவும்

இருபது வயதளவில் அரசேறிய சிக்க வீரராஜேந்திரர், தம் தந்தை பறித்த உரிமையை நினைவூட்டுபவர் எவரும் எஞ்சலாகாது என்பதுபோல், தேவம்மாஜியையும் உறவினர் பலரையும் அழித்தார். 1832-இல் அவருடைய சகோதரியும், அவள் கணவர் சன்னபசவப்பரும் மைசூருக்கு ஓடி ஆங்கிலப் பிரதிநிதியிடம் அடைக்கலம் புகுந்தனர். அதன் தொடர்ச்சியாக 1834 ஏப்ரலில் ஆங்கிலப் படை பல திசைகளிலிருந்தும் குடகினுள் புகுந்தது, மடிக்கேரி வீழ்ந்தது. மக்களின் விருப்பப்படியே நாட்டை ஏற்பதாக அறிவித்து, மே மாதத்தில் கம்பெனியார் அதனைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர்.

நாடிழந்த அரசர் வேலூரிலும் பின் காசியிலும் வாழ்ந்து, 1852-இல் மகள் கௌரம்மாவுடன் இங்கிலாந்துக்குச் சென்றார். கௌரம்மா விக்டோரியா அரசியை ஞானத்தாயாகக் கொண்டு கிறிஸ்தவ தீட்சை பெற்று, 1864-இல் இளமையிலேயே மறைந்தாள். தந்தை 1859-இல் லண்டனில் உயிர்நீத்தார். இவ்வரசரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டு மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் இயற்றிய ‘சிக்கவீர ராஜேந்திரன்’ புகழ்பெற்ற நாவல்.

வம்சம் முடிந்தபின்னும் அதன் பெயருக்கு வலிமை இருந்தது. 1837-இல் கல்யாணசுவாமி என்பவரை அரசகுலத்தவர் என்று நம்பி மக்கள் கிளர்ந்தெழுந்தனர், அது அடக்கப்பட்டது. பிற்காலத்தில் இந்தியக் குடியரசின் தனி மாநிலங்களுள் ஒன்றாக விளங்கிய குடகு, 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்தோடு இணைந்தது.

அரசர் வரிசை

வீரராஜர், அப்பாஜிராஜர் (1633-க்கு முன்)
முத்துராஜர் (1633–1687)
தொட்ட வீரப்பர் (1687–1736)
சிக்க வீரப்பர் (1736–1766)
முத்துராஜர், முத்தையர் (1766–1770)
தேவப்பராஜர் (1770–1774)
முதலாம் லிங்கராஜர் (1774–1780)
மைசூர் ஆட்சி (1780–1788)
தொட்ட வீரராஜேந்திரர் (1788–1809)
தேவம்மாஜி (1809–1811)
இரண்டாம் லிங்கராஜர் (1811–1820)
சிக்க வீரராஜேந்திரர் (1820–1834)

வாரிசு முறை

குடவர்களின் சமுதாயம் ஒக்க என்னும் குலவீடுகளால் ஆனது. ஒவ்வோர் ஒக்கவுக்கும் முன்னோர் கட்டிய ஐன்மனை ஒன்று உண்டு. குலத்தில் வயதால் மூத்தவரே அதன் தலைவர். அவர் மறைந்தால் அடுத்த மூத்தவர் அவ்விடத்தில் அமர்வார் என்பது அவ்வீட்டுச் சிறுவரும் அறிந்த முறை. குடிகள் வீடுதோறும் காத்த இந்தத் தெளிவு அவர்களை ஆண்டவர்களின் அரண்மனையில் இல்லை. மூத்த மகனா, பேரனா, தம்பியா, மகளா, கிளைவழி உறவினரா என்பதை பலமுறை வாளோ அந்நியரோ தீர்மானிக்க நேர்ந்தது. மடிக்கேரியில் கத்திகே எனப்படும் சமாதிகளில் தொட்ட வீரராஜேந்திரரும், அவர் மகளின் அரசைப் பறித்த தம்பி லிங்கராஜரும் அருகருகே துயில்கின்றனர். அவர்கள் குலத்தில் இன்று அரசுரிமை கோருவார் இல்லை. குடவர்களின் ஐன்மனைகளிலோ விளக்கெரிகிறது.